அறுபத்தைந்தாவது கட்டளை

கம்ப்யூட்டர் இப்போது சட்டைப்பையில் கிடக்கிற சாமான். அறுபதுகளின் கடைசியில், சென்னையில் நான் வேலை பார்த்த நிறுவனத்தில், அது ஒரு கூடத்தையே அடைத்துக்கொண்டு நின்றது. அதன் பிரிண்டரில் அச்சான காகிதக் கட்டு ஒன்றைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பொங்கல் விடுமுறைக்குத் திண்டுக்கல் வந்தேன். ரயிலில் உட்கார இடமில்லை. கட்டு கசங்கிவிடுமோ என்ற கவலையில் வழியெல்லாம் அதை மார்போடு அணைத்தபடி நின்றே வந்தேன்.

கட்டில் இருந்தது எங்கள் மேற்பார்வைப் புரோகிராம். மற்ற புரோகிராம்களை ஓட விடுவதும் நிறுத்துவதும் அதன் வேலை. யாருடைய கணக்கு ஓடினாலும் அடியில் அது விழித்திருக்க வேண்டும். அது விழுந்தால் எல்லாம் விழும். பொங்கலுக்கு முன் சில வாரங்களாக அது விழுந்துகொண்டிருந்தது. தினமும் விழுந்திருந்தால் பிடித்திருப்போம். எப்போதாவது ஒருமுறை, அதுவும் ஒவ்வொரு முறையும் வேறொரு இடத்தில் விழுந்தது.

பழி என் நண்பர் தலையில் விழுந்தது. என் வயதுக்காரர், நெய்க்காரப்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். துளையிட்ட அட்டைகளைப் படிக்கும் கருவி, டேப், பிரிண்டர் என்ற மூன்றில் எது கூப்பிட்டாலும், மெஷின் செய்துகொண்டிருந்த கணக்கை அந்தரத்தில் விட்டுவிட்டு நினைவகத்தின் ஒரு குறிப்பிட்ட பகுதிக்குத் தாவும். அந்தப் பகுதியை எழுதியவர் அவர். அங்கே முதல் வேலை, மெஷின் கையில் வைத்திருந்த எண்களைப் பத்திரமாக ஓரத்தில் எடுத்து வைப்பது. அதற்கென்று சிறிய துணைப் புரோகிராம் ஒன்றைத் தனியாக எழுதியிருந்தார். மூன்று கருவிகளுக்கும் அது ஒன்றையே கூப்பிட்டுக்கொள்ளலாம்.

விடுமுறைக்கு முன் மேலதிகாரி சொல்லிவிட்டார்: பொங்கல் கழிந்து நடக்கும் சோதனை ஓட்டத்திலும் விழுந்தால், நண்பர் மெஷின் கூடத்தை விட்டு, சாமான் கணக்கெழுதும் ஸ்டோர்ஸுக்குப் போக வேண்டும். பிறகு அந்தக் கண்ணாடிக் கதவுக்குள் அவரால் நுழைய முடியாது.

அண்ணனுக்கு ஊரில் வெங்காய மண்டி. வீடு நிறைய விருந்தாட்கள் இருந்ததால், மண்டியின் பின்கட்டில் சிமெண்டுத் தரையில் காகிதத்தை விரித்தேன். வெங்காயச் சருகு பறந்து வந்து எழுத்தின் மேல் உட்கார்ந்தது. ஊதி ஊதி எனக்கு வாய் வலித்தது. பழனி பஸ்ஸில் நண்பர் வந்து இறங்கிய கொஞ்ச நேரத்தில் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"ஏலே, பந்திக்குப் பாய் விரிச்ச மாதிரி விரிச்சு வச்சிருக்க. என்னடா இது?"

"புரோகிராம்ணே. எங்க தப்புன்னு பாக்கணும்."

"இம்புட்டு நீளத்துலயா? தப்பு பண்ணுனது யாரு?"

நண்பர் கையைத் தூக்கினார். "நானுங்க."

"அப்ப உக்காருங்க. மொதக் காப்பி உங்களுக்குத்தான்."

தர்க்கத்தைத் தொடர்ந்து போவதில் நண்பர் கெட்டிக்காரர். கட்டளை கட்டளையாகப் படித்தார். குற்றம் ஒன்றும் அகப்படவில்லை. எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது, எண்ணத்தான் வரும். ஆகவே பென்சிலை எடுத்து எண்ணினேன்.

அந்தப் பகுதிக்கு நினைவகத்தில் ஒதுக்கியிருந்தது அறுபத்து நான்கு இடம். ஒரு கட்டளைக்கு ஓர் இடம். அதை அடுத்த இடம் மெஷினின் கடிகாரத்துக்கு உரியது. கடிகாரம் தட்டும்போதெல்லாம் அங்கே இருக்கும் எண்ணோடு ஒன்று கூடும். எண்ணி முடித்தபோது அறுபத்தைந்து வந்தது. மண்டி ஆள் மூட்டையோடு குறுக்கே போனதில் தவறிவிட்டேன் என்று நினைத்துக் கீழிருந்து மேலாக எண்ணினேன். மறுபடியும் அறுபத்தைந்து.

"உங்க கணக்குல இது எத்தன?" என்று கேட்டேன்.

"நாப்பத்தேழுங்க. கையில எழுதி எண்ணிப் பாத்துட்டுத்தான் குடுத்தேன்."

எங்கிருந்து வந்தன பதினெட்டு? அவர் கொண்டுவந்திருந்த கையெழுத்துத் தாளையும் அச்சான காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். 'துணைப் புரோகிராமைக் கூப்பிடு' என்று அவர் ஒரே கட்டளை எழுதியிருந்த இடத்தில், அச்சில் அந்தத் துணைப் புரோகிராமின் உடம்பே கிடந்தது. ஏழு கட்டளைகள். அதேபோல் மூன்று இடத்தில்.

அப்படி எழுது என்று யாரும் சொல்லவில்லை. செய்தது கம்பைலர். நாங்கள் எழுதுவதை மெஷினுக்குப் புரியும் எண்களாக மாற்றித் தரும் புரோகிராம் அது. எட்டுக் கட்டளைக்கு மேற்படாத துணைப் புரோகிராமைக் கூப்பிட்டுத் திரும்புவது வீண் நேரம், கூப்பிட்ட இடத்திலேயே அதை நகலெடுத்து வைத்துவிடு என்று அதற்குள் ஒரு விதி இருந்தது. சாதாரணக் கணக்குகளுக்கு நல்ல விதிதான். வேகம் கூடும்.

"போன மாசம் வரைக்கும் அது ஒம்பது கட்டளைங்க," என்றார் நண்பர் மெதுவாக. "ரெண்டு வீணாக் கெடக்குதேன்னு நாந்தான் கொறச்சேன். எங்கூருல வாய்க்கா ஒடஞ்சு தண்ணி போனா எங்கப்பா சோறு திங்க மாட்டாருங்க. அந்தப் பழக்கம்."

அவர் இரண்டைக் குறைத்தார். அதனாலேயே பதினெட்டு கூடிற்று. வரம்பைத் தாண்டியது ஒன்றே ஒன்று. அந்த அறுபத்தைந்தாவது கட்டளை எது என்று பார்த்தேன். 'பிரிண்டரில் காகிதம் தீர்ந்தால் இன்ன இடத்துக்குப் போய்க் காத்திரு.' அது கடிகாரத்தின் இடத்தில் உட்கார்ந்திருந்தது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மெஷினுக்குக் கட்டளையும் எண்தான், நேரமும் எண்தான். கடிகாரம் தட்டத் தட்ட அந்தக் கட்டளை தானாக மாறிக்கொண்டே போயிருக்கிறது: இன்ன இடத்துக்குப் போ, அதற்கு அடுத்ததற்குப் போ, அதற்கும் அடுத்ததற்குப் போ. காகிதம் தீராதவரை அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. தீர்ந்தால், தீர்ந்த நேரம் எதுவோ அதற்கு ஏற்ற இடத்தில் போய் விழும். ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் விழுந்ததன் காரணம் அதுதான். யாரும் தவறாக எழுதவில்லை. நண்பர் எழுதியது சரி, கம்பைலரின் விதியும் சரி. இரண்டு சரிகள் கைகோத்து இப்படி ஒன்றைச் செய்திருக்கின்றன. வெளியே தராசில் மூட்டை ஏறும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு காகிதத்தின் முன் அவ்வளவு சிறியவனாக நான் அதற்குமுன் உட்கார்ந்ததில்லை.

நகலெடுக்காதே என்று கம்பைலருக்குச் சொல்ல அப்போது வழி கிடையாது. சோதனைக்குள் அதைத் திருத்தவும் முடியாது. துணைப் புரோகிராமை மறுபடி ஒன்பது ஆக்கிவிட்டால் போதும், ஒன்றும் செய்யாத இரண்டு வெறும் கட்டளைகளைச் சேருங்கள் என்றேன்.

நண்பருக்கு மனசு வரவில்லை. "வேல செய்யாத ரெண்டு ஆளக் கொண்டாந்து நிறுத்தச் சொல்றீங்க."

காப்பி டம்ளரை எடுக்க வந்த அண்ணன் கேட்டுவிட்டார். "ஏன், எங்க மண்டியில நாலு பேரு நிக்கலையா? அவங்க நின்னாத்தான் மத்தவன் மூட்டையத் தூக்கிட்டு ஓட மாட்டான்."

நண்பர் சிரித்துக்கொண்டே எழுதினார். எனக்கு அதோடு நிம்மதி வரவில்லை. கட்டு முழுவதையும் தேடவைத்தேன். கம்பைலர் நகலெடுத்த இடங்கள் இன்னும் ஐந்து இருந்தன. ஐந்தும் வரம்புக்குள் அடங்கியிருந்தன. இப்போதைக்கு என்று பக்கத்தில் எழுதி வைத்தேன்.

நண்பர் முதலில் சென்னைக்குப் போனார். நான் காய்ச்சலில் படுத்துவிட்டேன். சோதனை நாளன்று போர்வையைப் போர்த்திக்கொண்டு மண்டியில் போய் டெலிபோனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாயங்காலம் சென்னையிலிருந்து நண்பரின் டிரங்க் கால் வந்தது.

"ஏனுங்க, கேக்குதுங்களா? பேப்பர் தானாத் தீரட்டும்னு இருக்கலீங்க. நாலு தாள் மட்டும் மாட்டி ஓட விட்டேன்."

"நின்னுச்சா?"

"பிரிண்டர் மட்டும் நின்னுச்சு. கணக்கு பாட்டுக்கு ஓடுது. புதுப் பேப்பர் மாட்டுனதும் விட்ட வரிக்கு அடுத்த வரியில இருந்து அடிக்குதுங்க. திரும்பத் திரும்ப செஞ்சு பாத்தேன், விழவே இல்ல."

"மேலதிகாரி இருந்தாரா?"

"பக்கத்துலயேதான் நின்னாரு. ரெண்டு வெறும் கட்டளை எதுக்குன்னாரு. சொன்னேன். அப்புறம் கம்பைலரோட கட்டு மொத்தத்தையும் எடுத்தாரச் சொல்லி என் மேசை மேல வச்சுட்டாரு. நகலெடுக்காதேன்னு குறி போடறதுக்கு அதுல ஒரு வழி பண்ணணுமாம். நான்தான் பண்ணணுமாம்."

"அப்ப ஸ்டோர்ஸ்?"

"அந்தப் பேச்சே எடுக்கலீங்க."

கட்டு எவ்வளவு பெரிது என்று மட்டும் கேட்டேன்.

"மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கற ஆளு தெரியலீங்க," என்றார். பிறகு, "பயமாத்தான் இருக்குது. நம்மளக் கேக்காம அது இன்னும் என்னென்ன முடிவு எடுத்து வச்சிருக்குதோ. வெச்சுடறேனுங்க, மொதத் தாளப் பிரிச்சுட்டேன்," என்றார்.