அண்ணனின் ஆர்க்கிட் தூங்கிய குளிர்காலம்

செல்வா அண்ணா, உன் ஆர்க்கிட் பூத்துவிட்டது!

எங்கள் தீவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும், எங்கள் ஊரான லோவுவை விட்டு நியூசிலாந்து போன பக்கத்து வீட்டு மாலா அக்கா, அண்ணனுக்குக் கொடுத்த செடி அது. அண்ணன் இறந்த பிறகு நான்தான் தினமும் தண்ணீர் ஊற்றினேன். எங்கள் தீவில் ஜூலைதான் குளிர்காலம்; அந்தக் குளிரில் இலையெல்லாம் கொட்டியது. இதையும் சாகவிடுகிறேனே என்று இன்னும் அதிகமாக ஊற்றினேன். ஒரு தண்டு அழுகியதும் அழுதுகொண்டே அக்காவுக்குப் போன் செய்தேன்.

“அட கிறுக்கா, அது சாகலடா, குளிருக்குத் தூங்குது! தூங்குறவன் வாயில யாராவது பக்கெட்டோட ஊத்துவாங்களா? மொட்டு வர்ற வரைக்கும் உங்கண்ணன் தண்ணியே காட்டமாட்டான்.”

அழுகியதை வெட்டிவிட்டு, மழை படாமல் கூரைக்கடியில் தொங்கவிட்டேன். செப்டம்பரில் மொட்டைத் தண்டு முழுக்கப் பூ! போனில் இருவரும் கத்திச் சிரித்தோம்.

இப்போது குளிர் மாதங்களில் பக்கெட்டைத் தொடுவதே இல்லை. எங்கள் செல்வா அண்ணனுக்காக நீங்களும் ஒருமுறை சாமி கும்பிடுங்கள்.