அண்ணாந்து குடித்தல்

தண்ணீரை அண்ணாந்து குடிப்பது ஒரு வேலையா என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் சிரிப்பார்கள். உதடு படாமல் செம்பைத் தூக்கி ஊற்றிக்கொள்ளச் சின்னதிலேயே பழகிவிடுகிறோம். வாய் வைத்தால் எச்சில்; அந்தச் செம்பை அடுத்தவர் தொட மாட்டார். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். அந்தப் பிள்ளை வரும்வரை அதைப் பற்றி யோசித்ததே இல்லை.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு உடம்பை அசைப்பதில் எங்கே சிரமம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. கோவில்பட்டியில் ஒரு சிறிய மையம். போன கோடையில் விளாத்திகுளம் பக்கத்து ஊரிலிருந்து ஒரு தாய் தன் ஏழு வயது மகளைக் கூட்டி வந்தார். பிள்ளைக்குப் பேச்சு இல்லை. சில வாரங்களாகத் தண்ணீர் சரியாகக் குடிக்காமல் மூத்திரக் கடுப்பில் துடித்திருக்கிறாள். தொண்டையில் குறை இல்லை, இப்படியே விட்டால் ஆஸ்பத்திரியில்தான் படுக்க வைக்க வேண்டும் என்று சொல்லி, டாக்டர் எங்களிடம் அனுப்பியிருந்தார்.

“செம்ப நீட்டுனா தட்டி விடுதா டீச்சர். நானா ஊத்துனா மூஞ்சியத் திருப்பிக்கிடுதா. எல்லாம் பிடிவாதம்னு இவ அப்பா சொல்லுதாவ.”

பிடிவாதம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குச் சுள்ளென்று ஏறும். பேச முடியாத பிள்ளைமேல் போடுவதற்கு இவர்களுக்கு வேறு பழியே கிடைக்காது. “தனி டம்ளர்ல வாய் வச்சுக் குடிக்க விடலாம்லா?” என்றேன்.

“நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போற பிள்ள. இப்பவே பழக்கணும்லா.”

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அடித்துக்கொள்ளாமல் வேலையைப் பார்த்தேன்.

பந்தைப் போட்டேன், அது நெஞ்சில் பட்டு விழுந்த பிறகே கைகள் சேர்ந்தன. தரையில் ஒட்டிய கோட்டின்மேல் நடக்கச் சொன்னேன். பாதத்தைப் பார்த்துக்கொண்டே அழகாக நடந்தாள். தலைக்கு மேலே மணியை ஆட்டினேன். அண்ணாந்து பார்த்தவள் அப்படியே தள்ளாடி என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டாள். கண் தரையை விட்டு நகர்ந்தால் தன் உடம்பு எங்கே நிற்கிறது என்றே அவளுக்குப் பிடிபடவில்லை.

பிறகு ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்தேன். அவள் அதைத் தட்டிவிடவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராகச் சுவரைப் பார்த்துப் போனாள். முதுகையும் பின்தலையையும் சுவரில் பதித்து, தலையை மெல்ல மெல்லப் பின்னால் சரித்தாள்.

“ஏட்டி, சுவத்துல சாயாத,” என்று தாய் பதறி எழுந்தார். நான் கையை நீட்டி மறித்தேன்.

அண்ணாந்து ஊற்றினாள். கொஞ்சம் கழுத்தில் வழிந்தது. மீதியெல்லாம் உள்ளே போயிற்று. மடக் மடக் என்ற சத்தம் எங்களுக்கே கேட்டது.

தலை பின்னால் போகும்போது கால் உறுதியாக நிற்க வேண்டும், கண்ணில் படாத கை சரியான அளவுக்குச் சாய வேண்டும், வாய் திறந்தபடி மூச்சை நிறுத்தி விழுங்க வேண்டும். இத்தனையும் ஒரே நேரத்தில். நமக்கு இது ஒரு வேலையாகவே தெரிவதில்லை. அவளோ அதில் எது தனக்கு வராது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் சுவரை வைத்துக்கொண்டாள். இதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கேட்கவும் அவளுக்கு வாய் இல்லை.

“சுவத்துல சாயக் கூடாதுன்னு ஏன் சொன்னீங்க?” என்று தாயிடம் கேட்டேன்.

“போன மாசந்தான் பெயிண்ட் அடிச்சோம் டீச்சர். தலையெண்ணெய் பட்டுக் கறையாவுதுன்னு இவ அப்பா சத்தம் போடுதாவ. இவ என்னடான்னா எந்நேரமும் சுவத்துல போய்த் தலைய வச்சு நிக்கா. முட்டிக்கிடுவாளோன்னு பயந்து இழுத்துட்டு வந்து நடுவீட்ல நிறுத்திருவேன்.”

“அங்கன நிறுத்தித்தான் தண்ணி கொடுப்பீங்களா?”

“ஆமா.”

நடுவீட்டில் அண்ணாந்தால் விழுந்துவிடுவோம் என்றுதான் செம்பைத் தட்டிவிடுகிறாள் என்று விளக்கினேன். எனக்குத் தெரிந்த அளவுக்கு மெதுவாக, மணியை மறுபடி ஆட்டி அவள் தள்ளாடுவதையும் காட்டித்தான் சொன்னேன். முடித்ததும் தாய், மகளின் தலைபட்டு எங்கள் சுவரில் விழுந்திருந்த எண்ணெய்க் கறையைக் கையால் தொட்டார்.

“அப்ப வெறுங்கையோட சுவத்துக்குப் போய் நின்னதெல்லாம், தண்ணி கேட்டுத்தானா டீச்சர்?”

நான் பதில் சொல்வதற்குள் பிள்ளை காலிச் செம்பைத் தாயிடம் நீட்டினாள்.