பட்டாளக் கல்லும் எங்கள் அக்காவும்

அக்கா இறைவனடி சேர்ந்து ஓராண்டு ஆகிறது. பிறந்து வாழ்ந்தது சாந்தோம்; ஆசிரியப் பணி கோபாலபுரத்தில். அம்மா இறந்தபோது எனக்கு நடக்கத் தெரியாது. அன்று என்னைத் தூக்கியவர் கடைசிவரை இறக்கிவிடவில்லை. கல்யாணப் பேச்சு எடுத்தால், “இவன் ஒருத்தன வளக்கிறதே போதும்” என்பார். வீட்டின் தைரியம் முழுவதும் அவரிடம் இருந்தது. எனக்கு வாய்த்தது வாய் மட்டும்.

எங்கள் தெருமுனையில் முழங்கால் உயரக் கல் ஒன்று இருந்தது. நூறு வருடங்களுக்கு முந்தைய பெரும் போருக்கு இங்கிருந்து போய்த் திரும்பாத சிப்பாய்களுக்காக நட்டது. பெயர்கள் கிடையாது. கல்லறைத் திருநாளில் எங்கள் குடும்பக் கல்லறைகளில் ஏற்றிய பிறகு அக்கா அங்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவார். “அவங்க எந்த மண்ணுல கெடக்காங்களோ, நம்ம கொளுத்தாம யாரு கொளுத்துவா?”

சென்ற ஆண்டு அந்தத் திருநாளில் அவர் படுக்கையில் இருந்தார். மெழுகுவர்த்தியை என்னிடம் கொடுத்து, “ஏத்திட்டு வந்து சொல்லு. அப்புறந்தான் கஞ்சி” என்றார்.

போனால், கால்வாய்க்குத் தோண்டிய பள்ளம்தான் இருந்தது. கல்லைக் காணோம். பக்கத்திலிருந்த மின்பெட்டிமுன் ஏற்றிவிட்டுப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். அதன் அபாயப் பலகையிலிருந்த மண்டையோடு என்னைப் பார்த்துச் சிரித்தது.

“கல்லா சார்? மீன்கார அம்மாங்க தூக்கிக்கினு போய்ட்டாங்க” என்றார் பள்ளத்திலிருந்தவர்.

கடற்கரையோர நொச்சிக்குப்பம்வரை ஓடினேன். மீன்கடைகளுக்கு நடுவே கல் நின்றது. கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கதம்பம் சாத்தியிருந்தார்கள். தினம் மாதா கோயில் பூசைக்குப் போய்வந்த அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது?

“இன்னா நைனா, பேயறஞ்ச மாதிரி நிக்கிற?” என்றார் கடைக்கார அம்மா. “டீச்சரம்மா வெளக்கேத்துற கல்லாச்சே, ஒடச்சிடப் போறானுங்கன்னு இஸ்துக்கினு வந்தோம்.”

“இந்தக் குங்குமம்...”

“எங்கூட்டுக்காரு கடலுக்குப் போனாரு. ஒடம்பு கெடைக்கல. அவருக்கும் கல்லறை இல்ல. இவங்களோட இருக்கட்டும்னு வச்சேன்.”

எதற்கும் ஒரு நக்கல் வைத்திருப்பவன் நான். அன்று செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். அந்தச் சிறு கல்லை அண்ணாந்து பார்க்கவேண்டும் போலிருந்தது. கடற்காற்றில் தீக்குச்சி அணைந்துகொண்டே இருக்க, பெண்கள் கூடைகளைச் சுற்றிலும் பிடித்தார்கள். சுடர் நின்றது.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். குங்குமத்தை மட்டும் தணிந்த குரலில். அக்கா கேட்டது ஒன்றுதான்.

“அவ வீட்டுக்காரர் பேரு கேட்டியா?”

“இல்லக்கா.”

“கேட்டுட்டு வா. கஞ்சி ஆறுனா பரவால்ல.”

மறுபடி ஓடினேன். அந்தப் பெயரைச் சொல்லி ஜெபித்துவிட்டுத்தான் அக்கா கஞ்சியைத் தொட்டார். கண்மூடும்வரை அவருடைய இரவு ஜெபத்தில், அப்பா அம்மா பெயர்களுக்கு அடுத்து, அந்தப் பெயர் இருந்தது.

கடைசிவரை வீட்டுக்கே வந்து பார்த்த மருத்துவருக்கும், பங்கு மக்களுக்கும், அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் நன்றி. அக்காவின் இறுதி ஊர்வலம் கடந்தபோது வியாபாரத்தை நிறுத்திவிட்டு, அந்தக் கல்லருகே எழுந்து நின்ற மீன்கடைத் தாய்மார்களுக்கு, நாங்களும் எழுந்து நின்று நன்றி சொல்கிறோம்.