சடக்கு வரைக்கும் நான், சடக்குல அவரு

எனக்கு ரவிக்கை தைக்கிற டைலருக்கு எப்பவும் ஒரே சந்தேகம். "பாட்டி, வலது தோளு கீழ எறங்கி இருக்கே, அளவு நான் தப்பா எடுத்துட்டேனா?"ம்பான். "அளவெல்லாம் சரிதான்யா. நான்தான் கோணலா வந்துட்டேன், நீ அதுக்கேத்த மாதிரி வெட்டு"ம்பேன். பொறக்கும்போது நேராத்தான் பொறந்தேன். கோணலானது கல்யாணத்துக்கு அப்புறம்.

எங்க தோட்டம் பாலிங் பக்கம். தட்டையா ஒரு எடம் பாக்க முடியாது. கித்தா மரம், அதான் ரப்பர் மரம், நடுறதுக்கு வெள்ளக்காரன் ஆட்டுக்குட்டிய அவுத்து விட்டுருப்பான் போல. அது எங்கெங்க ஏறுச்சோ அங்கெல்லாம் மரம். அந்த மேட்டுல ஏறி எறங்கித்தான் எங்க பொழப்பு.

கல்யாணம் ஆகி வந்த புதுசுல எனக்குத் தனி நெரை இல்ல. நெரைன்னா ஒரு ஆளு பால் வெட்டுறதுக்குப் பிரிச்சு விட்ட மர வரிசை. எங்க வீட்டுக்காரரு நெரைக்கு நான் கூடப் போற ஆளு. அவரு வெட்டுவாரு. நான் பால் வடியுற மங்கு தொடைச்சு வைப்பேன், மரத்துல காஞ்சு ஒட்டியிருக்கிற ஒட்டுப்பால பிச்சுக் கூடையில போடுவேன், பால் எறங்குனதும் மங்கு மங்கா வாளியில ஊத்துவேன். வாளி ரெண்டும் ரொம்புனா காண்டா கம்போட ரெண்டு நுனியிலயும் மாட்டி, தோள்ல வச்சு பால் ஸ்டோருக்குக் கொண்டு போகணும். அது ஆம்பள வேலை. தனி நெரை வச்சிருக்கிற பொம்பளைங்க அவங்கவங்க காண்டாவ அவங்கவங்க தூக்குவாங்க, அது வேற கதை. புருசனும் பொண்டாட்டியும் ஒரே நெரையில போனா புருசன்தான் தூக்கணும். அதுதான் எங்க தோட்டத்து வழக்கம். பொண்டாட்டி தோள்ல ஏத்திட்டுக் கைய வீசிட்டு வர்ற ஆம்பளையப் பாத்தா, "என்னாப்பா, நாளைக்கு நீ பொடவ கட்டிட்டு வர்றியா?"ன்னு கள்ளுக்கடையில கேட்டே கொன்னுருவானுங்க.

நான் போன ரெண்டாவது வாரமே இவரு மரத்துல சாஞ்சுக்கிட்டு, "இந்தா புள்ள, இடுப்புல புடிச்சிக்கிச்சு. இன்னைக்கு மட்டும் நீ தூக்கேன்"னாரு. புதுப் பொண்டாட்டி பாருங்க, பாவமா இருந்துச்சு. தூக்கிட்டேன். கம்பு தோள்ல ஏறுனதும் கண்ணுல பூச்சி பறந்துச்சு. மேட்டுல ஏறி, பள்ளத்துல எறங்கி, செம்மண் சடக்குக்கிட்ட வந்தோம். சடக்குன்னா பெரிய ரோடு. எல்லா நெரையிலேருந்தும் ஆளுங்க வந்து சேந்து ஸ்டோருக்குப் போற வழி. சடக்குல ஏறுறதுக்கு முன்னால ஒரு கான், அதான் வாய்க்கா, ஓடும். அங்க வந்ததும் இவரு சுத்திமுத்திப் பாத்தாரு. "சரி, குடு, குடு"ன்னு கம்ப வாங்கித் தன் தோள்ல வச்சிக்கிட்டு, கான தாண்டி, நெஞ்ச நிமித்திக்கிட்டு நடந்தாரு பாருங்க! தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறவன்கூட அப்படி நடக்க மாட்டான்.

"இன்னைக்கு மட்டும்"ன்னு சொன்னாரே, அந்த இன்னைக்கு வருசக்கணக்கா நீண்டுச்சு. காட்டுக்குள்ள முழுக்க நான். சடக்குல அவரு. நானும் விட்டுக் குடுக்கல. நம்ம ஆம்பளைய நாலு பேரு சிரிக்கக் கூடாதுன்னு பின்னால நல்ல புள்ளையா கூடைய எடுத்துக்கிட்டு வருவேன். பக்கத்து லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீட்டுல, ஒரு அக்கா இருந்தா, வாய் நீளம். "ஒனக்கென்னா தங்கச்சி, ராணி மாதிரி வர்ற. எங்கூட்டு ஆளு இருக்கே, தண்ணிக் கொடம்கூடத் தூக்காது"ம்பா. "குடுத்து வச்சிருக்கணும் அக்கா"ம்பேன். தோளு உள்ளுக்குள்ள விண்ணு விண்ணுன்னு அடிச்சிக்கிட்டு இருக்கும்.

இதுல இன்னொரு கூத்து. வாளிய மாட்டுற கம்பி அவரு ஒசரத்துக்கு அளந்து வச்சது. அவரு பனைமரம், நான் பப்பாளிக் கன்னு. நான் தூக்குனா வாளி ரெண்டும் தரையில இடிக்கும். பால் சிந்துனா எங்கள வேல வாங்குற மண்டோரு தோல உரிச்சிருவாரு. அதனால தோள ஒசத்தி, கழுத்த ஒரு பக்கமா மடக்கி, நுனிக்காலுல ஏறுவேன். கோழி கெணத்த எட்டிப் பாக்கிற மாதிரி இருக்கும் என் நடை. ஒருநா கேட்டேன், "என்னாங்க, இந்தக் கம்பிய கொஞ்சம் சுருட்டி விட்டா என்னா?"

"அய்யோ, தோட்டத்து சாமான், கை வைக்கக் கூடாது. ஆபீசு கிராணி பாத்தா கேப்பாரு."

சரின்னு விட்டுட்டேன். சுருட்டி விட்டா சடக்குல அவரு தூக்கும்போது வாளி இடுப்புல வந்து ஆடுமேன்னு எனக்கு அப்ப தோணல.

அப்புறம் வலது தோள்ல ஒரு கட்டி வந்துச்சு. மொதல்ல சுண்டக்கா, பெறகு கொய்யாக்கா. கைய மேல தூக்க முடியல. தலை பின்னிக்க முடியல. பக்கத்து வீட்டு சின்னப் பொண்ணுகிட்டப் போயி குனிஞ்சு ஒக்காந்து பின்னிக்குவேன். ராவுக்கு அந்தப் பக்கம் படுக்க முடியாது. தைலப் புட்டிய எடுத்துக் குடுக்கிறதே எங்க வீட்டுக்காரருதான். நல்லா சூடு பறக்கத் தேச்சும் விடுவாரு. அதையும் சொல்லணும்ல.

அந்தச் சமயத்துல ஆயாக்கொட்டாயில பச்சப் புள்ளைங்களப் பாத்துக்கிட்டு இருந்த அம்மா மகன்கூட பெக்கானுக்கு, அதான் டவுனுக்கு, குடி போயிட்டாங்க. அந்த வேலைக்கு ஆளு வேணும். பால் காட்டுல ஒடம்பு கெட்டுப்போன பொம்பளையா பாத்துக் குடுக்கிறது வழக்கம். தொட்டிய ஆட்டணும், பால் காச்சணும், அவ்வளவுதான். எனக்குக் கனவுலகூடத் தொட்டி ஆடுச்சு. இன்னும் கொஞ்ச நாளு காண்டா தூக்குனா இந்தக் கை சோறு அள்ளக்கூட ஒதவாதுன்னு தெரிஞ்சு போச்சு.

தோட்டத்து ஆசுபத்திரியில டிரஸரு, எங்களுக்கு அவருதான் டாக்டரு, பாத்து எழுதிக் குடுக்கணும். நானும் அவரும் போனோம். மண்டோரும் அங்கதான் கால்புண்ணுக்கு மருந்து போட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தாரு.

டிரஸரு கட்டிய அமுக்கிப் பாத்தாரு. "இது காண்டா கட்டி மாதிரி இருக்கே. நெரையில யாரும்மா தூக்குறது?"

நான் வாயத் தெறக்கல. என் வாயால சொன்னா அவரு மானம் போயிரும். அவரே சொல்லட்டும்னு அவரு மொகத்தப் பாத்தேன். 'நான்தாங்க கொஞ்ச நாளா இடுப்பு முடியாம இவளத் தூக்க விட்டேன்'னு ஒரு வார்த்த. அது போதும். கொஞ்ச நாளுன்னு பொய் சொன்னாக்கூட நான் ஒத்துக்கிட்டிருப்பேன்.

அவரு கூரையப் பாத்தாரு. மண்டோரப் பாத்தாரு. "நான்தாங்க தூக்குறேன். இவ கைய வீசிக்கிட்டுத்தான் வருவா"ன்னாரு.

மண்டோரு ஒடனே, "ஆமாங்க, தெனம் சடக்குல பாக்குறேனே. பொண்டாட்டிய ஒரு வாளிகூடத் தூக்க விட மாட்டாரு. தங்கமான ஆளு"ன்னு தலைய ஆட்டுனாரு.

"அப்ப ஒரே பக்கமா படுத்துத் தூங்குவ போல"ன்னு டிரஸரு களிம்பு ஒன்னு குடுத்து அனுப்பிட்டாரு. ஆயா வேலை வேற ஒருத்திக்குப் போச்சு. அவளுக்கு நெசமாவே முட்டி போயிருந்துச்சு, அவ மேல எனக்கு வருத்தம் இல்ல.

வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் இவரு எனக்கு முன்னால வேகமா நடந்தாரு. வாசப்படி வந்ததும், "மண்டோரு ஒக்காந்திருந்தான்ல, அதான்"னாரு. நான் அடுப்பு பத்த வைக்கப் போயிட்டேன்.

மறுநா காட்டுல பால் எடுத்து முடிச்சு வாளிய ரொப்பி வச்சேன். "இந்தா, தூக்கு"ன்னாரு.

"நீங்கதானே தூக்குறீங்க?"

"என்னா புள்ள வெளையாட்டு?"

"வெளையாட்டு இல்லங்க. நான் கைய வீசிக்கிட்டுத்தானே வருவேன். டிரஸரு ஐயாகிட்டயே சொல்லிட்டீங்க லா. இப்ப நான் தூக்குனா உங்க பேச்சு பொய்யாயிருமே."

கைய நல்லா வீசிக்கிட்டே முன்னால நடந்தேன். பின்னால ஒரே முக்கலும் மொனகலும். ஒவ்வொரு மேட்டுலயும் எறக்கி வச்சாரு. கான்கிட்ட வந்து கால் வழுக்கி ஒரு பக்கத்து வாளியில பாதி பால் தண்ணியோட போச்சு. நாங்கதான் ஸ்டோருக்குக் கடைசி. வாய்நீளத்துக்காரி நின்னுக்கிட்டு, "என்னா அண்ணே, இன்னைக்கு இப்படி வேர்த்து ஊத்துது?"ன்னா.

"வெயிலு"ன்னாரு. அன்னைக்கு மழை மேகம்.

சாயங்காலம் தண்ணி எடுத்துட்டு வர்றேன், இவரு வாசல்ல ஒக்காந்து காண்டா கம்பச் சீவிக்கிட்டு இருந்தாரு. தோட்டத்து சாமானாச்சேன்னு கேக்க வாய் வந்துச்சு, கேக்கல. நின்னு பாத்தேன். நுனி ரெண்டையும் மெல்லிசா எழைச்சாரு, நடக்கும்போது கம்பு ஒடம்போட சேந்து ஆடட்டும்னு. நடுவுல அடிப்பக்கத்தத் தட்டையாக்கி, கண்ணாடிச் சில்லால சொரண்டி, சைக்கிள் டியூப வெட்டிப் போத்தி, அதுக்கு மேல சாக்கு சுத்துனாரு. யோசிக்கவே இல்ல. கை பாட்டுக்குப் போகுது.

"அந்த எடத்த மட்டும் ஏன் இவ்வளவு சீவுறீங்க?"

"அங்கதான் எலும்புல ஏறும்."

"இன்னைக்குத்தான் தெரிஞ்சுதா?"

அவரு சிரிச்சாரு. "இது தெரியாதா? எங்கப்பாவுக்கு நான்தானே சீவிக் குடுப்பேன். சின்னப் புள்ளையிலேருந்தே தெரியும்."

கொடத்த எறக்கி வச்சேன். அதுவரைக்கும் நான் என்னா நெனச்சிருந்தேன்னா, ஆம்பளைக்கு இந்த வலி தெரியாது, தெரிஞ்சா செஞ்சிருப்பாருன்னு. ஆசுபத்திரியில சொன்ன பொய்யக்கூட வெக்கத்துல சொன்னதுன்னு ஒதுக்கி வச்சிருவேன். இத எங்க கொண்டு போயி வைக்கிறது?

"எனக்கு ஏன் சீவிக் குடுக்கல?"

"நீ ஒன்னும் சொல்லலையே."

தெனம் தைலம் தேச்ச கைதான் அது.

மறுநா காலையில கம்ப என்கிட்ட நீட்டுனாரு. "இப்பத் தூக்கிப் பாரு, பூ மாதிரி இருக்கும்." கம்பிய மட்டும் தொடல. அது அப்பவும் அவரு ஒசரத்துலதான் தொங்குச்சு.

நான் வாங்கல. பெரட்டுக்குப் போனேன், மண்டோரு பேரு கூப்புடுற எடத்துக்கு. எல்லாரும் நிக்கிறாங்க. "ஐயா, எனக்குத் தனி நெரை குடுங்க. சின்னதா இருந்தாலும் போதும்"னேன். பாதி பாதியா ரெண்டு நடை தூக்குனாலும் சரி, எடது தோள்ல தூக்குனாலும் சரி, என் ஒசரத்துக்கு ஒரு கம்பி, என் எலும்புக்கு ஒரு கம்பு. அதுதான் மனசுல.

மண்டோரு என்னைய மேலயும் கீழயும் பாத்தாரு. "தனி நெரையா? காண்டா யாரு தூக்குவா?"

"நான்தான்."

"நீயா? புருசன் நெழல்லயே நடந்தவ. ஒரு நாளு தாங்குவியா?"

பெரட்டே சிரிச்சுச்சு. வாய்நீளத்துக்காரி வயித்தப் புடிச்சிக்கிட்டா. திரும்பிப் பாத்தேன். கூட்டத்துக்கு நடுவுல எங்க வீட்டுக்காரரு நின்னாரு. மொதல்ல தலையக் குனிஞ்சாரு. அப்புறம் பக்கத்து ஆளு தோள்ல ஒரு தட்டுத் தட்டுனான், ஒடனே அவரும் அவங்களோட சேந்து சிரிச்சாரு.

நான் மண்டோருகிட்டத் திரும்பி, "எந்த நெரைங்க ஐயா?"ன்னேன்.