கால் நூல் தள்ளி வெட்டிய சாவி

பஸ் நிலையத்துக்கு எதிரே, செருப்புக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், உடம்பை ஒருக்களித்து நுழைகிற அகலத்தில் ஒரு சாவிக்கடை இருக்கிறது. அதை நடத்துகிறவளை எல்லோரும் அரம் அக்கா என்பார்கள். கையில் எந்நேரமும் அரம் இருப்பதால் வந்த பேர் என்பாள் அவள். அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் வேறு காரணம் சொல்வார்கள். கல்யாணம் ஏன் செய்யவில்லை என்று கேட்டால், "எத்தனையோ பூட்டப் பாத்தாச்சு, ஒண்ணும் தேறல" என்று வாயை அடைத்துவிடுவாள்.

கடை வாசல் ஸ்டூலில் அவள் தம்பி. மூன்று மாடி உயரத்தில் கயிற்றில் தொங்கியபடி பாட்டுப் பாடிக்கொண்டே சுவருக்குப் பெயின்ட் அடித்தவன். அங்கிருந்தெல்லாம் விழவில்லை. ஒரு நாள் வேலை முடிந்து ரோட்டோரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவனைப் பின்னாலிருந்து பைப்புக்கடை முதலாளியின் கார் அள்ளிக்கொண்டு போனது. பாரில் குடித்துவிட்டு வந்த முதலாளிக்கு நிற்கவே கால் இல்லை. காரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "ஐயோ என் பம்பரு" என்று அழுதாராம். பார்த்தவர்கள் இன்னும் நடித்துக் காட்டுகிறார்கள்.

தம்பியின் வலது முழங்கால் அன்றிலிருந்து மடங்கவில்லை. கம்பு ஊன்றித் தெருமுனை வரை போவான். அதற்கு மேல் இந்த ஜென்மத்தில் முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

முதலாளிக்கு அபராதம். ஆறு மாதம் லைசென்ஸ் இல்லை. ஏழாவது மாதம் அதே கார் அதே பார் வாசலில் நின்றது. கோர்ட்டில் அக்காவும் தம்பியும் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தனை நாளும் மனிதர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அதான்டா எனக்கு ஆறல. யார இடிச்சோம்னு பாக்கக்கூட இல்ல பாரு" என்பாள் அக்கா. "சிக்காமயா போவான்? என் கையில சிக்கட்டும்."

மூன்று வருஷம் கழித்துச் சிக்கினார். தானாகவே நடந்து வந்து.

"ஏம்மா, கார் சாவி தொலைஞ்சு போச்சு. இன்னொன்னும் முன்னாடியே போச்சு. பூட்ட வச்சே செஞ்சு தருவியாமே?"

அவள் முகத்தை நேராகப் பார்த்துத்தான் கேட்டார். அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தம்பி நீட்டியிருந்த காலை நாசூக்காகத் தாண்டி நின்றார்.

"செஞ்சிடலாம் சார். வண்டி எங்க நிக்குது?"

"அது... பார் வாசல்ல."

சிப் வைக்காத காலத்துப் பழைய கார். வெட்டில்லாத சாவியை உள்ளே விட்டு, லேசாகத் திருகி, வெளியே எடுத்து, பித்தளையில் விழுந்த பொட்டுத் தடத்தைப் பார்த்து அந்த இடத்தில் மட்டும் அரத்தால் ராவ வேண்டும். மறுபடி விட்டு, மறுபடி ராவ வேண்டும். முதலாளி வெயில் தாங்காமல் எதிர் ஜூஸ் கடைக்குப் போய்விட்டார். அக்காவின் கை ராவிக்கொண்டே இருந்தது, கண் ஸ்டியரிங்கில் நிலைகுத்தி நின்றது.

தண்ணீர் பாட்டிலோடு ஆட்டோவில் வந்திறங்கிய தம்பி அதைக் கவனித்துவிட்டான்.

"என்னக்கா யோசன?"

"வளைவுல போறப்ப ஸ்டியரிங் பூட்டிக்கிச்சுன்னா எப்படி இருக்கும்னு."

"ஜோராத்தான் இருக்கும். அந்த வளைவுல ஒருத்தன் சைக்கிளத் தள்ளிக்கிட்டு வருவான். அவனுக்கும் ஒரு அக்கா இருப்பா."

"சீ, ஒரு பழி வாங்க விடுறியாடா நீ?"

"வாங்குக்கா, யாரு வேணாம்னா? வண்டி நின்ன இடத்துலயே வாங்கு."

அக்கா அவனை ஒரு பார்வை பார்த்தாள். கையிலிருந்த சாவியைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றை எடுத்தாள். வெட்டுகள் எல்லாவற்றையும் முனைப் பக்கமாகக் கால் நூல், அதாவது ஒரு முடியளவு, தள்ளி ராவினாள்.

"சார், பழைய பூட்டு, கொஞ்சம் செல்லம் கேக்கும். முழுசா உள்ள தள்ளுங்க. ஒரு முடியளவு வெளிய இழுங்க. கை ஆடாம பிடிச்சுத் திருப்புங்க."

காலை பதினோரு மணி. மனிதர் தெளிவாக இருந்தார். இரண்டாவது தடவையே வண்டி உறுமியது. "கெட்டிக்காரிம்மா நீ" என்று பாராட்டு வேறு.

மறுநாள் சாயங்காலம் ஜூஸ் கடை பெஞ்சில் அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு டம்ளரோடு உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி பாரிலிருந்து இறங்கினார். காருக்குள் ஏறினார். குத்தினார், திருகினார், இழுத்தார். சாவி கையோடு வந்தது. காரைத் திட்டினார், காரின் கம்பெனியைத் திட்டினார். நாலு பேர் கூடி, "அண்ணே, கெஞ்சிக் கேளுங்க, திரும்பும்" என்றார்கள். பிறகு போனை எடுத்தார். அக்காவின் மடியில் மணி அடித்தது.

அவள் எடுக்கவில்லை. "போடா, நீ போய்ச் சாவியத் திருப்பிக் காட்டு" என்றாள்.

தம்பி கம்பை ஊன்றி ரோட்டைக் கடந்தான். சாவியை வாங்கினான். தள்ளினான், முடியளவு இழுத்தான், ஒரே திருப்பு. வண்டி உறுமியது. உடனே அணைத்துச் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தான்.

"சாவி நல்லா இருக்கு சார். கைதான் சரியில்ல. பெயின்டர் கை பாருங்க, ஆடாது. காலுதான் போச்சு. ஞாபகம் இருக்கா? உங்க பம்பர்ல பட்ட காலு."

முதலாளி அந்தக் காலைப் பார்த்தார். முதல் தடவையாக. அப்புறம் எதிர் பெஞ்சைப் பார்த்தார். அக்கா டம்ளரைத் தூக்கிக் காட்டினாள்.

வேறு சாவிக்கடைகளுக்கு ஓடிப் பார்த்தார். பூட்டை வைத்தே செய்ய அங்கே யாருக்கும் தெரியாது. இவள் சாவியை வைத்து வெட்டினால் அந்தக் கால் நூலும் சேர்ந்தே வரும். பூட்டையே மாற்றலாம் என்றால், ஊரில் உள்ள அத்தனை மெக்கானிக்கும் அரம் அக்காவிடம் பூட்டு வாங்குகிறவன். "ஸ்டாக் இல்ல சார்" என்றார்கள், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு. கார் கம்பெனியில், சாவி தொலைந்ததற்குப் போலீஸ் கடிதம் கேட்டார்கள். ஸ்டேஷன் படி ஏற அவருக்கு மனசில்லை.

குடியை விட்டாரா என்று கேட்காதீர்கள். விடவில்லை. ஆனால் குடித்த கைக்குச் சாவி திரும்பாததால் கார் பார் வாசலிலேயே நின்றுவிடுகிறது, மனிதர் தினமும் வீட்டுக்கு நடக்கிறார். மேட்டு ரோட்டில் மூன்று கிலோமீட்டர். வழி சாவிக்கடை முன்னால்தான்.

இப்போது அக்காவிடம் அந்த மாதிரிச் சாவி கேட்டுக் குடிகாரர்களின் பெண்டாட்டிமார்கள் ரகசியமாக வருகிறார்கள். செய்துகொண்டிருந்தாலும் ஆறரை மணிக்கு அரத்தைக் கீழே வைத்துவிடுவாள். மூச்சு வாங்கிக்கொண்டு முதலாளி வருவார். தம்பி கம்பைத் தூக்கி ஒரு சலாம் வைப்பான்.

"பாத்து சார்" என்று குரல் கொடுப்பாள் அக்கா. "ஓரமா நடங்க. குடிச்சிட்டு வண்டி ஓட்டுறவனுங்க வருவானுங்க."