முட்டி வைத்தவள்

எங்கள் ஊரில் நாலு பேர் எதிரில் சொல்லக் கூசும் ஒரு சொல்லை நான் இங்கே ஞாயிற்றுக்கிழமை தோறும் கடை கடையாகக் கேட்டுக்கொண்டு நடக்கிறேன். கோலிக்குண்டுக்குப் பிரெஞ்சில் 'பீய்' என்று பெயர். எழுத்து வேறு மாதிரி இருக்கும், வாயில் வருவது அதுதான். பாரிசுக்கு வெளியே நான் குடியிருக்கும் ஊரில் ஞாயிறு காலையில் திடலில் பழைய சாமான் சந்தை போடுவார்கள். பிரோகாந்த் என்று பெயர். செத்துப்போனவர்கள் வீட்டுத் தட்டுமுட்டெல்லாம் அங்கே துணி விரிப்பில் கிடக்கும். ஒவ்வொரு விரிப்பாகக் குனிந்து, பழைய பீய் இருக்கிறதா என்று கேட்பேன். புதுச்சேரியில் இருக்கும் என் தம்பி மனைவி மேரியிடம் இதைப் போனில் சொன்ன அன்று, "அதப் போயா அண்ணி காசு குடுத்து வாங்குறீங்க?" என்று சிரித்துச் சிரித்து அவளால் மேலே பேச முடியவில்லை.

இந்த வயதில் கோலியா என்று நீங்களும் கேட்பீர்கள். கேளுங்கள், எனக்குப் பழகிவிட்டது. ஆஸ்பத்திரியில் தரை துடைத்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் என் நாளாக இருந்தது. அப்போது தொற்றிய பித்து இது. மெஷினில் வார்த்த கோலியை நான் தொடுவதில்லை. கையால் செய்த பழைய கோலிக்கு ஒரு தொப்புள் உண்டு. கண்ணாடிக் கம்பியிலிருந்து அதை வெட்டி எடுத்த இடத்தில் சொரசொரவென்று ஒரு தழும்பு இருக்கும். கட்டைவிரலால் உருட்டினால் தட்டுப்படும். தொப்புள் இருந்தால்தான் வாங்குவேன். உள்ளே வண்ண நூல் முறுக்கியது போல இருக்கும் கோலிகள், பால் நிறத்தில் சிவப்புக் கோடு ஓடும் கோலிகள் என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்தேன்.

வழக்கமாகக் கடை போடும் கிழவர் ஒருவர் இருக்கிறார். பிஸ்கட் டின்னில் கோலி வைத்திருப்பார். முதல்முறை வாங்கியபோது, "பேரனுக்கா?" என்று கேட்டார். "புர் முவா", எனக்குத்தான் என்றேன். அவர் தலையை ஆட்டி, "புர் லுயி, மதாம்" என்று திருத்தினார். அதாவது, 'அவனுக்கு' என்று சொல்ல வேண்டுமாம். எனக்கு இலக்கணம் தகராறு என்று முடிவே கட்டிவிட்டார். இந்த ஊரில் பிள்ளை பெற்று வளர்த்தவள் நான். இருந்தும் எனக்குத்தான் என்று இன்னொரு தரம் சொல்ல வாய் வரவில்லை. அன்றிலிருந்து எனக்கு இல்லாத ஒரு பேரனுக்கு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

புதுச்சேரியில் எங்கள் வீடு வைத்திக்குப்பத்தை ஒட்டிய சந்தில் இருந்தது. அப்பா மில் தொழிலாளி. சந்துப் பையன்கள் குழி தோண்டிக் கோலி ஆடுவார்கள். பெண் பிள்ளை ஆடக்கூடாது. ஆனால் என் தம்பி ஆல்பர்ட்டுக்குக் குறி என்பதே கிடையாது, தினம் தோற்பான். எங்கள் சந்து ஆட்டத்தில் தோற்றவன் கோலியைக் கொடுக்க வேண்டியதில்லை, முட்டியைக் கொடுக்க வேண்டும். கையை மூடித் தரையில் வைத்தால், ஜெயித்தவன் விரலை வில்லாக வளைத்துக் கோலியால் அந்த எலும்பிலேயே அடிப்பான். தோல் பேந்துவிடும். ஆல்பர்ட் முட்டி வைக்கமாட்டான், அழுவான். "உங்க அக்காவ வெக்கச் சொல்லுடா" என்பார்கள். நான் போய் வைப்பேன். ஆடத்தான் எனக்குத் தடை, தோற்பதற்கு யாரும் தடை சொல்லவில்லை.

பிறகு சொல்தா குடும்பத்து மாப்பிள்ளை வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களின் வீட்டுப் பிள்ளைகளை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். பெரிய இடம், பிரெஞ்சுக் குடியுரிமை என்று கோயில் வாசலில் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். இங்கே வந்து சேர்ந்து, மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒருநாள் அழுதுகொண்டே வந்தாள். கோலியில் தோற்றுவிட்டாளாம். நான் பதறிப்போய் அவள் கை முட்டியைத்தான் முதலில் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. பையில்தான் ஒரு கோலிகூட இல்லை. இந்த நாட்டுப் பிள்ளைகள் தோற்றால் கோலியைக் கொடுத்துவிட வேண்டும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அப்பா போன பிறகு வீட்டுப் பேச்சு வந்தது. மில்லை மூடிய பிறகு மில்காரர் பிள்ளைகளுக்கு என்ன வேலை, எது கிடைக்கிறதோ அதுதான். ஆல்பர்ட் வேன் ஓட்டினான், கடை வைத்தான், கடையை மூடினான். அவன் படும் பாட்டைப் பார்த்து என் பங்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "எனக்குன்னு மாடி ரூம் ஒண்ணு போதும்டா. ரிட்டயர் ஆனா வந்து இருந்துக்கறேன்" என்றேன். "ஒன் ரூம யாருக்கா கேக்கப்போறா? கடைசி வரைக்கும் ஒனக்குத்தான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். பொய் அழுகை இல்லை, அதை இன்றைக்கும் சொல்வேன்.

அந்த அறைக்காகத்தான் கோலிகளை ஒவ்வொரு பயணத்திலும் பெட்டியில் சுமந்தேன். கணவர் போய்ச் சேர்ந்த பிறகு இங்கே நான் இருப்பது புறாக்கூடு மாதிரி ஒரு வீடு. மகளுக்கோ கோலி என்றாலே குப்பை. ஒருமுறை சென்னை விமான நிலையத்தில் பெட்டியை நிறுத்தி, உள்ளே என்ன என்றார்கள். தூக்கக் கலக்கத்தில், "குண்டு சார்" என்று எங்கள் ஊர் வாக்கில் சொல்லிவிட்டேன். அப்புறம் பெட்டி முழுவதையும் கொட்டிக் காட்டி, விளையாடுகிற குண்டு என்று புரியவைப்பதற்குள் உயிர் போய்விட்டது. இங்கே பீ, அங்கே குண்டு. நான் ஆசையாகச் சேர்க்கும் பொருளுக்கு இரண்டு ஊரிலும் ஒரு மரியாதையான பெயர் இல்லை.

போன தை மாதம் ஊருக்குப் போனேன், இனி அங்கேயே இருந்துவிடலாமா என்று பார்க்கத்தான் போனேன். ஆட்டோ சந்தில் திரும்பியதும் வீடு அடையாளம் தெரியவில்லை. மஞ்சள் பெயிண்ட், வெள்ளை விளிம்பு, வாசலில் போகன்வில்லா. பலகையில் 'வில்லா தெரேஸ்' என்று எழுதியிருந்தது. தெரேஸ் நான்தான். மில் தொழிலாளி கட்டிய ஓட்டு வீடு வில்லா ஆகிவிட்டது, அதற்கு என் பெயர். ஒரு நிமிஷம் நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். பெட்டியை எடுத்துக்கொண்டு மாடி ஏறப்போனபோது ஆல்பர்ட் குறுக்கே வந்தான். "அக்கா, மேல பிரெஞ்சுக்காரங்க தங்கியிருக்காங்க. ஈஸ்டர் வரைக்கும் ஃபுல் புக்கிங். கீழ ஒனக்கு எடம் ஒழிச்சி வெச்சிருக்கேன்" என்றான். அரிசி மூட்டையும் இன்வெர்ட்டரும் இருந்த அறையில் ஒரு கட்டில் போட்டிருந்தார்கள். மேரி தண்ணீர் கொடுத்துவிட்டு, "அண்ணி, ஒங்க பாஸ்போர்ட் ஜெராக்ஸ் ஒண்ணு வேணும். வெளிநாட்டுக்காரங்க தங்குனா போலீசுக்கு சொல்லணுமாம்" என்றாள். கொடுத்தேன்.

கோலிகள் எங்கே என்று கேட்டேன். இரண்டு பேரும் பெருமையாகச் சாப்பாட்டுக் கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். அங்கே நீளமாக ஒரு கவுண்டர். வெள்ளை சிமெண்டில் என் கோலிகள் அத்தனையையும் பதித்து, மொசைக் பாலிஷ் போட்டிருந்தார்கள். மெஷின் ஒவ்வொரு கோலியின் தலையையும் சமமாகச் சீவியிருந்தது. மேல் பாதி சேறாகிச் சாக்கடையில் போயிருக்கும், கீழ்ப் பாதி சிமெண்டுக்குள். உள்ளே இருந்த வண்ண முறுக்குகள் வெட்டிய வெங்காயம் போல வட்டம் வட்டமாகத் தெரிந்தன. விரலால் தடவிப் பார்த்தேன். எந்த இடத்திலும் தொப்புள் தட்டுப்படவில்லை.

"ஃபோட்டோ எடுக்காம போறதில்லக்கா யாரும்" என்றான் ஆல்பர்ட்.

"என்னக் கேட்டியாடா?"

"நீ வருசத்துல ஒரு மாசம் வர்ற. மிச்ச நாளு அந்த ரூம் பூட்டியே கெடக்குது. நான் இத வெச்சித்தான் பொழைக்கணும். கோலிதானேக்கா, வேணும்னா ஒரு மூட்டை வாங்கித் தர்றேன்."

கோலிதானே. அவன் திருடவில்லை, என்னை விரட்டவும் இல்லை. நான் திரும்பி வந்து இருக்கப்போகிறவள் என்பதே அவன் மனசில் இல்லை.

மறுநாள் காலையில் மாடியில் தங்கியிருந்த பிரெஞ்சு அம்மாள் கவுண்டரில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில் காபி கேட்டாள். கொண்டுபோய் வைத்து, பிரெஞ்சில் இரண்டு வார்த்தை பேசினேன். "அடடா, எவ்வளவு அழகான பிரெஞ்சு. இங்கே பள்ளியில் படித்தீர்களா?" என்றாள். இங்கே திருத்தப்படுகிற பிரெஞ்சுக்கு அங்கே பாராட்டு. கோலிகளைத் தடவிக்கொண்டே, "உங்கள் முதலாளியின் தாத்தா சேர்த்ததாமே" என்று கேட்டாள். எங்கள் தாத்தா வலை இழுத்தவர். நான் காபித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

மத்தியானம் எல்லாரும் கடற்கரைக்குப் போயிருந்த நேரத்தில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்து, பால் நிறத்தில் சிவப்புக் கோடு ஓடிய கோலியைச் சுற்றிக் குத்தினேன். ஒன்றாவது முழுசாக வரட்டும் என்று வெறி. கை வழுக்கி, முட்டி சிமெண்டில் உரசித் தோல் பேந்தது. கோலி இரண்டாகப் பிளந்தது. ஒரு சில்லு கையில் வந்தது, மீதி சிமெண்டிலேயே நின்றுவிட்டது. சாயங்காலம் ஆல்பர்ட் என் கையைப் பார்த்து, "என்னாக்கா, முட்டி பேந்துபோய் கெடக்குது? கோலி ஆடுனியா?" என்று சிரித்தான். பிறகு அவனே ஓடிப்போய் மஞ்சள் கொண்டுவந்து வைத்தான். அவன் எதையும் மறக்கவில்லை, எனக்கு அதுதான் தாங்கவில்லை. அந்த ஊர் ஆட்டத்தில் முட்டி போகும், இந்த ஊர் ஆட்டத்தில் கோலி போகும். எனக்கு இரண்டும் போயிற்று.

டிக்கெட்டை முன்னால் மாற்றிக்கொண்டு திரும்பிவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை பிரோகாந்தில் அந்தக் கிழவரிடம் சில்லைக் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று தெரியவில்லை, வேறு யாரிடம் காட்டுவது? கண்ணாடியை மாட்டிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல பழைய சரக்கு, பாவம் என்றார். "மீதி எங்கே?" என்று கேட்டார்.

"ஷே முவா" என்றேன். என் வீட்டில்.

கிழவர் முகம் மலர்ந்தது. "அப்படியென்றால் கவலை எதற்கு, மதாம்? பக்கத்தில்தானே. அடுத்த ஞாயிறு அதையும் எடுத்துவாருங்கள், ஒட்டித் தருகிறேன். பேரனுக்குத் தெரியவே தெரியாது."

சரி என்றேன்.