புதுச் சப்பாத்தும் கூட்டாளியும்

மெர்டேக்கா சுதந்திர தின மலிவு விற்பனையில் வாங்கிய சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டு இன்று மலாக்காவின் காஜா பேராங் கோயிலுக்குப் போனேன்.

வாசலில் சாரோங் கட்டிய ஒருவர், "இங்க வைங்க, நான் பார்த்துக்கிறேன்" என்றார். மலாயில்!

நெற்றி நிறைய விபூதி, வாயில் ஒரு சொல் தமிழ் இல்லை. எனக்குச் சந்தேகம்.

பக்கத்தில் நின்ற இன்னொருவர், "விட்டுட்டுப் போங்கண்ணே, நான் இங்கதான் இருப்பேன்" என்றார். தமிழைக் கேட்டதும் நம்பிக் கொடுத்துவிட்டேன்.

சாமி கும்பிட்டுத் திரும்பினால் அந்தத் தமிழ் பேசிய ஆளும் இல்லை, சப்பாத்தும் இல்லை.

சாரோங்காரர் மட்டும் அங்கேயே நின்றார். மலாக்கா செட்டியாம், அந்தக் காலத்தில் இங்கு வந்து குடியேறிய தமிழ் வணிகர்களின் வம்சம். வீட்டிலேயே மலாய்தான். "ரெண்டு பேரும் தமிழ்ல பேசினீங்க, உங்க கூட்டாளின்னு நெனச்சேன்" என்றார்.

தன் சிலிப்பரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நாளைக்குத் திருப்பிக் கொடுத்துடுவீங்கதானே?"

கோபம் வந்தது. ஆனால் திருடனின் கூட்டாளியிடம் வேறு எப்படிக் கேட்பார், சொல்லுங்கள்?